எழுதுகோலை மூடிவைத்துவிடலாமா?

கல்லூரியின் தமிழ்த்துறை மலர் வெளிவரும்போதெல்லாம் சில புதிய பெயர்கள் அச்சேறுகின்றன. முதலாண்டு மாணவரின் கவிதை, ஆய்வு மாணவியின் கட்டுரை, விடுதியில் தங்கிப் பயிலும் ஒருவரின் சிறுகதை என அவை பலவகைப்படும். அச்சில் தம் பெயரைக் கண்ட உவகையில் அம்மலரை வீட்டார்க்கும் சுற்றத்தார்க்கும் காட்டி அவர்கள் மகிழ்கின்றனர். ஆயின், பத்தாண்டுகள் கழிந்த பின் அப்பெயர்களுள் எத்தனை வேறோர் இதழிலோ நூலிலோ காணக் கிடைக்கின்றன? பழைய மலர்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு விடை எளிதிற் புலப்படும். பெரும்பாலோர் எழுதுவதை நிறுத்திவிட்டனர். நிறுத்துவதாக அவர்கள் எவரிடமும் அறிவிக்கவில்லை. ஏன் நிறுத்தினீர் என்று அவர்களை எவரும் வினவவுமில்லை.

இந்நிலை இளையோர்க்கு மட்டும் உரியதன்று. பல்லாண்டுகள் எழுதிப் பழகியோரும் ஒரு கட்டத்தில், "இனியும் எழுதத்தான் வேண்டுமா?" என்ற வினாவின் முன் வந்து நிற்கின்றனர். நாமும் அவ்வினாவுக்கு அயலார் அல்லோம். இதழுக்கு அனுப்பிய கட்டுரை குறித்து ஒரு வரி மறுமொழியும் வாராத நாள்களும், அச்சிட்ட நூல் கட்டுகள் வீட்டுப் பரணில் கிடக்கும் காட்சியும் எழுதுவோர் பலரும் அறிந்தனவே.

இவ்வினாவை எழுப்புவோரிடம் உலகம் இருவகையாக நடந்துகொள்கிறது. ஒருசாரார், "மனந்தளராதீர், ஒருநாள் புகழ் வரும்" என ஆறுதல் கூறுவர். மற்றொருசாரார், "இவ்வளவுதானா உம் உறுதி?" என இடித்துரைப்பர். நம் கருத்தில் இவ்விரண்டும் பொருந்தா. இது சீர்தூக்கி விடை காணத்தக்க வினாவாகும். எழுதுவதை நிறுத்துவது குற்றமன்று. ஆனால் நிறுத்துவதற்குத் தக்க காரணமும் உண்டு, தகாத காரணமும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வள்ளுவர் வகுத்த வரிசை

ஊக்கம் பற்றிப் பேசுவோர் திருக்குறளின் 60-ஆம் அதிகாரமாகிய ஊக்கமுடைமையை எடுத்துக்காட்டத் தவறுவதில்லை. அதனைத் தொடர்ந்து மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் அதிகாரங்கள் நிற்கின்றன. உள்ளக் கிளர்ச்சியில் தொடங்கி, சோம்பலை விலக்கி, முயற்சியில் நிலைத்து, துன்பத்திற் கலங்காமையில் முடியும் இவ்வரிசை நம் பேச்சாளர்கள் பலரும் விரித்துரைத்த ஒன்றேயாகும்.

ஆயின், இவற்றுக்கு முன்னரே அமைந்த மற்றொரு வரிசையை நாம் அத்துணை கருதுவதில்லை. 47-ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை. அதன்பின் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன வருகின்றன. செயலின் தன்மையையும், தன் வலிமையையும், உரிய காலத்தையும், உரிய இடத்தையும் அளந்தறியுமாறு கூறிய பின்னரே ஊக்கத்தைப் பற்றிப் பேச்செழுகிறது. இவை அரசர்க்கு வகுக்கப்பட்டனவாயினும் எழுதுவோர்க்கும் பொருந்தும். அளந்தறியாமல் கொள்ளும் ஊக்கம் விரைவில் வற்றிப்போகும். அவ்வாறே, அளந்தறியாமல் கொள்ளும் துறவும் நிலைப்பதில்லை. ஆதலின் ஊக்கம் குன்றிய எழுத்தாளர் முதலிற் செய்யத்தக்கது, அது எதனால் குன்றியது என ஆராய்வதே.

ஊக்கம் குன்றுவது ஏன்?

முதற் காரணம் வாசகர் இன்மை, அல்லது இல்லை என்ற எண்ணம். பேச்சாளர் தம் முன் அமர்ந்திருப்போரின் முகங்களைக் காண்கிறார், கைத்தட்டலைக் கேட்கிறார். எழுதுவோர்க்கு அந்த வாய்ப்பில்லை. அவர் எழுதியதை ஒருவர் இரவு நெடுநேரம் விழித்திருந்து படித்திருக்கலாம். அச்செய்தி அவரை ஒருபோதும் எட்டாமற் போகலாம்.

இரண்டாவது காரணம் பொருள். தமிழில் நூலாசிரியர்க்கு உரிமைத்தொகையாக விலையில் பத்து விழுக்காடு தருவதே பொதுவாக வழக்கமாக உள்ளது. 200 ரூபாய் விலையுள்ள நூலொன்று 300 படிகள் விற்பனையாயின் ஆசிரியர்க்கு உரியது 6,000 ரூபாய். அந்நூலை எழுத ஈராண்டுகள் ஆகியிருப்பின் திங்களுக்கு 250 ரூபாய். தாள், தட்டச்சு, அஞ்சல், பயணம் ஆகியவற்றுக்கே அது போதாது. சிற்றிதழ்கள் பலவற்றில் இத்தொகைக்கும் இடமில்லை. ஆகவே பொருளீட்டும் நோக்குடன் எழுத வந்தோர் விலகுவது இயல்பே, அவர்களைக் குறைகூறுவதற்கில்லை.

மூன்றாவது காரணம் சூழல். மகன் கணிப்பொறித் துறையில் பணிபுரிகிறான் என்று சொல்லும் பெற்றோர், அவன் கதை எழுதுகிறான் என்பதைச் சொல்லத் தயங்குகின்றனர். பெண்கள் நிலை இன்னும் அரிது. சமையல், பிள்ளை வளர்ப்பு, முதியோர் பேணல் ஆகியன முடிந்த பின் எஞ்சும் நேரமே அவர்களுக்கு எழுதும் நேரம். பல நாள்களில் அதுவும் எஞ்சுவதில்லை. அவர்களுடைய ஊக்கம் குன்றிற்று என்று நாம் கூறுவது பிழை. குன்றியது ஊக்கமன்று, நேரமே.

நான்காவது காரணம் அண்மைக் காலத்தது. செயற்கை நுண்ணறிவு என்னும் கருவி, தலைப்பைக் கொடுத்த சில நொடிகளில் கட்டுரையும் கவிதையும் ஆக்கித் தருகிறது. "பொறியே எழுதித் தரும்போது நாங்கள் ஏன் எழுத வேண்டும்?" என்று மாணவர்கள் வினவுகின்றனர். இது நகைத்துத் தள்ளத்தக்க வினாவன்று. பலரும் பலமுறை எழுதிய பொருள்களையே நாமும் எழுதிக்கொண்டிருப்போமாயின், அப்பணியைப் பொறியிடம் விட்டுவிடலாம் என்றே கூறுவோம். இதுவரை எவரும் எழுதாத ஒன்று நம்மிடம் உண்டா என்பதே இங்கு எழும் உண்மையான வினா. அதனைப் பின்னர் நோக்குவோம்.

ஐந்தாவது காரணம் எல்லாவற்றினும் நுண்ணியது. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டோம் என்ற உணர்வு அது. ஊற்று வற்றியதா, அன்றிக் கோடையில் சற்றே தாழ்ந்ததா என்பதை அறிதல் அரிது.

நிறுத்தியோர் நால்வகையர்

எழுதுவதை நிறுத்தியோர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது. அவர்களுள் நால்வகையினரை நாம் காண்கிறோம்.

முதல் வகையினர் முடித்தவர்கள். அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத் 2012-ஆம் ஆண்டில், தாம் இனி எழுதப்போவதில்லை என வெளிப்படையாகத் தெரிவித்தார். அம்முடிவை அவர் சோர்வுற்ற ஒருநாளில் கொள்ளவில்லை. தம் நூல்களைத் தாமே மீண்டும் படித்துப் பார்த்து, தம்மாலியன்றதைச் செய்துவிட்டோம் என்ற நிறைவோடு எழுதுகோலை வைத்தார். 2018-இல் இறக்கும் வரை அம்முடிவிலிருந்து மாறவுமில்லை. தமிழில் மௌனியை இவ்வகைக்கு அருகில் வைக்கலாம். மணிக்கொடிக் காலத்தில் எழுத வந்த அவர், 1985-இல் மறையும்வரை எழுதியவை ஏறத்தாழ 24 சிறுகதைகளே. குறைவாக எழுதினார் என்பதால் அவரைத் தமிழுலகம் புறந்தள்ளவில்லை.

இரண்டாம் வகையினர் துறந்தவர்கள். பிரெஞ்சுக் கவிஞர் ஆர்தர் ரேம்போ 1854-இல் பிறந்தவர். இருபது வயதையொட்டிய காலத்திலேயே கவிதையைக் கைவிட்டார். பின்னர் ஏடனிலும் எத்தியோப்பியாவின் ஹராரிலும் வணிகராக வாழ்ந்து, 1891-இல் 37-ஆம் வயதில் மறைந்தார். அவர் கவிதையைத் துறந்தார். கவிதையுலகம் அவரைத் துறக்கவில்லை. எனினும் இஃது அரிய விதிவிலக்கு. இளமையிலேயே எழுத்தைக் கைவிடுவோர் அனைவரும் ரேம்போ ஆகிவிடுவதில்லை.

மூன்றாம் வகையினர் தடுக்கப்பட்டவர்கள். பெருமாள்முருகன் அரசுக் கல்லூரித் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 2010-இல் வெளிவந்த அவருடைய மாதொருபாகன் நாவலுக்கு 2014-ஆம் ஆண்டின் இறுதியில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் இறந்துவிட்டான் என அவர் முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர்க்கு ஆதரவாகத் தீர்ப்பு வழங்கிய பின் மீண்டும் எழுத்துலகிற்கு வந்தார். அந்நூலைப் பற்றிக் கருத்து வேறுபாடு கொள்வோர் இருக்கலாம். அது அவர்தம் உரிமை. நாம் இங்குச் சுட்டுவது வேறொன்று. பொதுவெளியில் மௌனம் காத்த அக்காலத்திலும் அவர் தமக்காகக் கவிதைகள் எழுதினார். அவையே 2016-இல் கோழையின் பாடல்கள் என்னும் தொகுப்பாயின. வெளியிடுவது நின்றபோதும் எழுதுவது நிற்கவில்லை.

நான்காம் வகையினர் இடைநிறுத்தியவர்கள். நாகர்கோவிலில் துணி வணிகம் செய்துகொண்டே எழுதிவந்த சுந்தர ராமசாமி, ஒரு புளியமரத்தின் கதை 1966-இல் நூலாக வெளிவந்ததையடுத்துச் சில ஆண்டுகள் எழுதாமல் இருந்தார். 1970-களின் தொடக்கத்தில் மீண்டும் எழுத வந்தார். ஜே.ஜே: சில குறிப்புகள் 1981-இல் வெளிவந்தது. அவர் எழுதாதிருந்த ஆண்டுகளில், இவர் முடிந்துபோனார் என்று எவரேனும் கணக்கெழுதியிருப்பின் அக்கணக்குப் பொய்த்திருக்கும்.

இந்நால்வகையினரின் வரலாறும் நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. முடித்தல் வேறு, துறத்தல் வேறு, தடைப்படுதல் வேறு, இளைப்பாறுதல் வேறு. ஊக்கம் குன்றிய ஒருவர் தாம் இவற்றுள் எதில் நிற்கிறார் என்பதை அறியாமல் "விட்டுவிட்டேன்" என்று கூறுவது, தூக்கத்தை இறப்பு எனக் கொள்வதற்கு ஒப்பாகும்.

வாசகர் எங்கே இருக்கிறார்?

வாசகர் இல்லை என்பதற்காக எழுதுவதை நிறுத்தலாமா? நம் விடை, கூடாது என்பதே. வாசகர் கட்டாயம் வருவார் என்ற உறுதி இருப்பதால் இவ்வாறு கூறவில்லை; எழுதுவோரால் வாசகரை அறியவே இயலாது என்பதால் கூறுகிறோம். அறிய இயலாத ஒன்றைக் காரணமாகக் கொண்டு முடிவெடுத்தல் தகாது.

தமிழ்த்துறையினர் நன்கறிந்த சான்று ஒன்றைக் காட்டலாம். உமறுப் புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் 5,027 பாடல்களும் கொண்டது. நபிகள் நாயகத்தின் வரலாறு முழுவதையும் பாடி முடிக்காமலே அந்நூல் நின்றுவிட்டது. பிற்காலத்தில் பனீ அகுமது மரைக்காயர் அதன் தொடர்ச்சியைச் சின்னச் சீறாவாகப் பாடினார். நெடுங்காலம் ஏட்டுச் சுவடிகளில் இருந்த சீறாப்புராணத்தைச் சேகனாப் புலவர் 1842-இல் பதிப்பித்து அச்சேற்றினார். பாடியவர் ஒருவர், தொடர்ந்து பாடியவர் ஒருவர், அச்சேற்றியவர் ஒருவர். பெயர் தெரியாமற் போன ஏடெழுதுவோர் இவர்களுக்கு இடையில் எத்தனையோ பேர் இருந்திருக்க வேண்டும். தம் நூல் இவ்வாறெல்லாம் கைமாறிச் செல்லும் என்பதை உமறுப் புலவர் கண்டிருக்க இயலாது. நின்றுபோன நூலையும் எடுத்துச் செல்ல ஒருவர் வருகிறார். ஆனால் எழுதப்படாத நூலை எடுத்துச் செல்ல எவராலும் இயலாது.

பிந்திய காலத்துச் சான்று சி. சு. செல்லப்பா. 1959-இல் எழுத்து இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். இழப்பு என்று தெரிந்தே நடத்தினார். தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். அவர் ஏறாத கல்லூரிப் படிகள் குறைவே எனலாம். தம் பெருநாவலாகிய சுதந்திர தாகத்தை முதுமையின் எல்லையில் 1997-இல் தாமே வெளியிட்டார். 1998 டிசம்பரில் மறைந்தார். அந்நாவலுக்கு 2001-இல் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. அவ்விருதை வாங்க அவர் இல்லை. விருது வந்ததால் அவர் உழைப்புச் சிறந்தது என்று நாம் கூறவில்லை. விருது வாராதிருப்பினும் அந்நாவல் அதே நாவல்தான். இதனை உணர்ந்தோர்க்கே எழுத்தில் நெடுநாள் நிற்றல் கைகூடும்.

எழுதாமற் போனால் எது இழக்கப்படும்?

இனி, முன்னர் ஒதுக்கிவைத்த வினாவுக்கு வருவோம். எவரும் எழுதாத ஒன்று நம்மிடம் உண்டா? நம் கருத்தில், விடுவதா தொடர்வதா என்பதற்கு இதுவே உரைகல்.

தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் மலையாளம் வழியே கல்வி கற்றவர். திருநெல்வேலியில் வணிகம் செய்து வாழ்ந்தவர். தமிழ் எழுத்துலகில் நுழைவதற்கு அவர்க்கு வசதியான வாயில் எதுவும் இருந்ததாகக் கூறுவதற்கில்லை. ஆயினும் 1988-இல் ஒரு கடலோர கிராமத்தின் கதை நூலாக வெளிவந்தபோது, அதுவரை தமிழ் நாவலில் இடம்பெறாத ஒரு மக்கட்பகுதியின் வாழ்வும் பேச்சும் அதில் இடம்பெற்றன. 1997-இல் சாய்வு நாற்காலிக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2019-இல் அவர் மறைந்தார். "நம் பேச்சு இலக்கியமாகுமா? நம் தமிழை எவர் மதிப்பர்?" என்று எண்ணி அவர் தொடக்கத்திலேயே கடையோடு நின்றிருப்பின், அக்கடலோர ஊரின் சொற்களும் அச்சங்களும் நகைச்சுவையும் பதிவாகாமலே போயிருக்கும்.

அவர்க்கும் முன்னர் நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் எழுதினார். பள்ளிப் படிப்பை மூன்றாம் வகுப்போடு முடித்துக்கொண்ட அப்பெண்மணியின் காதலா கடமையா என்னும் நாவல் 1938-இல் வெளிவந்தது. அன்றைய நிலையில் ஒரு பெண் எழுதாதிருப்பதற்குக் காரணங்களைத் தேட வேண்டியதேயில்லை. காரணங்கள் வீட்டு வாசலிலேயே நின்றன. அவர் எழுதினார் என்பதே, பின்வந்த பெண்கள் சுட்டிக்காட்டத்தக்க சான்றாயிற்று.

நம் ஊர்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். தந்தையை ஓர் ஊரில் வாப்பா என்கின்றனர். மற்றோர் ஊரில் அத்தா என்கின்றனர். மூத்த சகோதரியை ராத்தா என்றும் லாத்தா என்றும் அழைக்கின்றனர். குழம்பைக் கடலோர ஊர்களில் ஆணம் என வழங்குகின்றனர். காலை உணவு உண்பதைப் பசியாறுதல் என்கின்றனர். எத்துணை அழகிய சொல் அது! பத்தமடையில் கோரைப் பாய் நெய்வோரிடமும், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் பதனிடுவோரிடமும், கடலில் செல்வோரிடமும் அவ்வத் தொழிலுக்கே உரிய சொற்கள் உள்ளன. அவற்றுள் பல எந்த அகராதியிலும் ஏறாதவை. அச்சொற்களைக் கையாளும் முதியோர் மறையும்போது அவையும் மறைகின்றன. நம் பிள்ளைகள் தொலைக்காட்சித் தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து பேசி வளர்கின்றனர். பொறியும் தன்முன் வைக்கப்பட்டதையே கற்கும். எழுதப்படாத சொல்லை அது எங்கிருந்து கற்கும்?

இங்கேதான் நாம் எழுதுவதை நிறுத்துவது நம்மோடு நில்லாமல் பிறர் இழப்பாகவும் மாறுகிறது. அழகிய உவமைகளால் நிலவைப் பாடும் ஒருவர் நிறுத்தினால், நிலவைப் பாட வேறு பலர் உளர். தம் தெருவை, தம் தொழிலை, தம் பாட்டியின் பேச்சை அறிந்த ஒருவர் நிறுத்தினால் அவ்விடத்தை நிரப்ப மற்றொருவர் இல்லை.

முடிவெடுக்கும் முறை

ஆகவே எழுதுகோலை மூடிவைக்க எண்ணுவோர் தம்மைத் தாமே மூன்று வினாக்கள் வினவிக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

முதல் வினா: நாம் விட நினைப்பது எழுத்தையா, அச்சையா? நூல் வெளியீடு, மேடை, பரிசு, பொன்னாடை ஆகியவற்றின் மீது சலிப்புற்றோர் பலர் அச்சலிப்பை எழுத்தின் மீதான சலிப்பாகக் கருதிவிடுகின்றனர். பொன்னாடையைத் துறப்பதற்கு எழுத்தைத் துறக்க வேண்டியதில்லை. ஈராண்டுகள் எதனையும் வெளியிடாமல், எழுதுவதை மட்டும் தொடர்ந்து பார்க்கலாம். அச்சுச் செலவும் இன்று முன்போல் பெருஞ்சுமையன்று. முன்னர் ஆயிரம் படிகள் அச்சிட்டுப் பரணில் ஏற்ற வேண்டியிருந்தது. இன்றைய அச்சு முறையில் ஐம்பது படிகளும் அச்சிடலாம். தேவைக்கேற்ப மீண்டும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் வினா: இம்முடிவை எந்நாளில் எடுக்கிறோம்? இதழிலிருந்து கட்டுரை திரும்பிவந்த நாள், நண்பரின் நூலுக்குப் பரிசு கிடைத்த நாள், உடல் நலிந்த நாள் ஆகியன முடிவெடுக்கும் நாள்கள் அல்ல. காலமறிதல் என்பது செயலைத் தொடங்குவதற்கு மட்டும் உரியதன்று, முடிப்பதற்கும் உரியது. பிலிப் ராத் செய்ததுபோல், எழுதியவற்றை எடுத்து அமைதியாக ஒருமுறை படித்த பின் முடிவெடுப்பது நன்று. நிறைவு தோன்றின் நிறுத்தலாம். "இன்னும் சரியாகச் சொல்லவில்லையே" என்ற அரிப்புத் தோன்றின், ஊற்று வற்றவில்லை என்பது உறுதி.

மூன்றாம் வினா: நாம் எழுதாவிடின் எது எழுதப்படாமற் போகும்? விடை "எதுவுமில்லை" என்பதாயின் மனக்குறையின்றி எழுதுகோலை வைத்துவிடலாம். நல்ல வாசகராக வாழ்வது குறைந்த நிலையன்று; எழுதுவோர் மிகுந்து வாசிப்போர் குறைந்த இக்காலத்தில் அது பெருந்தொண்டே ஆகும். ஆனால் விடையாக ஒரு பெயரோ, ஒரு தெருவோ, ஒரு தொழிலோ, ஒரு சொல்லோ நினைவுக்கு வருமாயின், ஊக்கம் இருப்பினும் இல்லாவிடினும் அதை எழுதிவிடுவதே முறை. அதற்குக் காவியம் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு போதும். கிழமைக்கு ஒரு பக்கம் போதும். ஆண்டுக்கு 52 பக்கங்கள் ஆகும். ஐந்தாண்டுகளில் அதுவே ஒரு நூல்.

சமுதாயத்தின் பங்கு

ஊக்கம் குன்றுவதை எழுதுவோரின் தனிப்பட்ட குறையாக மட்டும் நோக்குவது நேர்மையன்று. ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் எழுதிக் கொடுத்ததை "நன்று" என ஒரு சொல்லால் திருப்பித் தருவதினும், எவ்வரி நன்று, எவ்வரி நலிவு எனச் சுட்டி இரு தொடர்கள் எழுதித் தருவது மேல். நம்மை ஒருவர் கூர்ந்து படித்தார் என்ற உணர்வே அவர்களைப் பல்லாண்டுகள் நடத்திச் செல்லும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒன்று கூறுவோம். நூல் வெளியீட்டு விழாவுக்குப் பந்தலும் விருந்தும் அமைத்துத் தரும் தாராள மனம் நம்மிடையே என்றும் இருந்துள்ளது, அதற்கு நன்றி. ஆயின் விழா முடிந்ததும் அன்பளிப்புப் படியைக் கையில் வாங்கிச் சென்று அலமாரியில் அடுக்கிவிடுகிறோம். எழுதியவர்க்கு வேண்டியது மாலையன்று. நூலை விலை கொடுத்து வாங்கி, படித்து, "இவ்விடம் எனக்குப் பிடித்தது, இவ்விடம் எனக்கு உடன்பாடன்று" என்று கூறும் ஒருவரையே அவர் தேடுகிறார். மணவிழாக்களில் தரும் பரிசுகளோடு ஒரு நூலும் சேருமாயின், வீட்டு நூலகம் என்னும் ஒன்று நம் இல்லங்களில் தானாக உருவாகும். எழுதும் மகளுக்கு நாளில் ஒரு மணி நேரத்தை வீட்டார் விட்டுக்கொடுப்பாராயின், அதனினும் சிறந்த பரிசு வேறில்லை.

மாணவச் செல்வங்கட்கு இறுதியாக ஒரு சொல். இம்மலரில் உங்கள் பெயர் இடம்பெற்றிருக்கலாம், இடம்பெறாமலும் இருக்கலாம். பட்டம் பெற்றபின் வேலை, வெளிநாடு, குடும்பம் எனக் காலம் உங்களை இழுத்துச் செல்லும். துபாயிலோ சிங்கப்பூரிலோ பணிமுடிந்து திரும்பும் இரவில் எழுத மனம் வாராதிருப்பது இயல்பு. அதற்காக உங்களை நீங்களே இகழ்ந்துகொள்ள வேண்டியதில்லை. எழுதாத ஆண்டுகளும் எழுத்துக்கு உரமாகலாம். நிறுத்துவதாயின் அறிந்து நிறுத்துங்கள், மறந்து நிறுத்திவிடாதீர்கள்.

நாமும் நமக்குரிய முடிவை எடுத்திருக்கிறோம். சிறப்பிதழ்கள் கேட்கும் வாழ்த்துப் பாடல்களையும், பலர் கூறியதையே திரும்பக் கூறும் கட்டுரைகளையும் இனி எழுதுவதில்லை. அவற்றை விடுவதில் வருத்தமும் இல்லை. நம் ஊரில் எண்பதைக் கடந்தோர் இன்னும் சிலர் உளர். அவர்கள் வாயில் வழங்கும் சொற்களைப் பொருளோடும் வழக்கோடும் குறித்துவைக்கும் பணியைத் தொடங்கியுள்ளோம். அப்பணிக்குப் புகழ் வருமா என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. காலம் போதுமா என்பதே நம் கவலை.